ஒரு பிடி வீட்டுத் தவிடு

வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டியபடி கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறார் மண்ணாங்கட்டி. எதிரே ஒரு கார். பின்சீட்டில் புதுத் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு நாய்க்குட்டி. கொண்டுபோகிற கணவனும் மனைவியும் படித்தவர்கள், கம்ப்யூட்டர் வேலை. காப்பகத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, எப்போது எந்த ஊசி போடவேண்டும் என்று தெரிந்துகொண்டு, எல்லோரிடமும் விடைபெற்றுக் கிளம்பியாயிற்று. கேட்டில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

“தவுடு எங்க சார்?”

“என்னது?”

“தவுடு சார். ஒங்க வூட்லேந்து ஒரு கை. அன்னிக்கே சொன்னனே.”

அந்தப் பெண்ணுக்குத்தான் நினைவு வந்தது. கைப்பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே ஓட்ஸ். மண்ணாங்கட்டி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்றார்.

“தவுடு மாரிதான் இருக்குது. ஒங்க வூட்டு அடுப்பாங்கரையில இருந்ததுதானம்மா? கடையில வாங்கி நேரா இங்க எடுத்தாரலியே?”

“இல்லங்க, வீட்டுல இருந்ததுதான்.”

“செரி, போடு.”

குழிந்த கையில் அவள் ஒரு பிடி போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “வித்தாச்சி. தவுட்டுக்கு வித்தாச்சி. இனிமே இது எங்க புள்ள இல்ல, ஒங்க புள்ள” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்ததைத் தரையில் வீசினார். காரைக் கண்டதுமே வந்து கூடியிருந்த பக்கத்து வீட்டுக் கோழிகள் பாய்ந்து பொறுக்கின. கார் கிளம்பியதும் அவர் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். போகிற பிள்ளையை அவர் பார்க்க மாட்டார். பார்த்தால் அதன் மனசு அவர் பின்னாலேயே திரும்பி வந்துவிடுமாம்.

பிள்ளைச்சாவடியில் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பி, சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போனால் இந்தக் காப்பகம் இருந்தது. ரோட்டில் அடிபட்டவை, வீடு மாற்றிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கேட்டில் போட்டவை என்று நாய்களும் பூனைகளும் அங்கே கலந்து கிடக்கும். நடத்துபவர் அமிர்தவல்லி அம்மாள். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மதாம் என்கிறது.

மண்ணாங்கட்டி அங்கே வேலை பார்ப்பவர் அல்ல. டவுனில் அன்வருதீன் பாயின் மாட்டுத் தீவனக் கடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எப்போதோ இங்கே குருணை மூட்டை இறக்க வந்தவர், இறக்கிவிட்டு ஒரு நாயின் காதில் உண்ணி பொறுக்க உட்கார்ந்தார். அன்றிலிருந்து மத்தியானத்துக்கு மேல் ஆட்டோ தானாகவே இந்தப் பக்கம் திரும்பிவிடும். பாயும் கண்டுகொள்வதில்லை. “எங்க போயிடப் போறாரு? நாய்ங்ககிட்டதான இருப்பாரு. கட மூடறதுக்குள்ள வந்துடுவாரு” என்பார்.

வயது அறுபதைத் தொட்டிருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டையில் மேல் பட்டன் இரண்டும் இருந்து நான் பார்த்ததில்லை. தோளில் ஒரு சிவப்புத் துண்டு. வியர்வை துடைக்க, ஆட்டோ கண்ணாடி துடைக்க, நடுங்குகிற குட்டியைச் சுற்றிவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நாய்களைத் தலையில் தடவிக்கொடுக்க மாட்டார். தாடைக்கு அடியில் விரலை விட்டுச் சொறிந்துவிடுவார். சொறிந்துகொண்டே திட்டுவார். “தின்னு தொலையேன் சனியனே. மூஞ்சப் பாரு, கரிச்சட்டி.” யாராவது ஒரு குட்டியைத் தூக்கி எவ்வளவு அழகு என்று கொஞ்சிவிட்டால் போச்சு. ஓடிவந்து தரையில் துப்பி, “அழகா? அதுவா? எலி மாரி இருக்குது, எவன் கண்ணுக்கு அழகு?” என்பார். பிள்ளை தேடி வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். மதாம் தலையில் கைவைத்துக்கொள்வார். “மொன் தியே, கடவுளே! ஒரு நாயையாவது இவர் நல்லாச் சொல்லியிருக்காரா பாருங்க. இவர வாசல்ல வெச்சிக்கிட்டு நான் எப்படி வீடு தேடறது?”

அங்கே ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். போனில் போட்டோ பிடித்துப் போடுவதற்கு மதாம் வைத்த பெயர் ஒன்று. மிமி, ஷூஷூ, பிரின்ஸ் என்று. மண்ணாங்கட்டி வைத்தது இன்னொன்று. கருவாடு, அழுக்கு, பிச்சை, தொடப்பக்கட்டை. நான் இங்கிருந்து கொண்டுபோய், என் வீட்டில் இப்போது சோபாவில் படுத்திருக்கிற பூனைக்கு அவர் வைத்த பெயர் ஓட்டாஞ்சில்லு. மதாம் “வியன், வியன்” என்று கூப்பிட்டால் எல்லாம் ஓடிவரும். அவர் “வாங்கடி பிசாசுங்களா” என்றாலும் அதே வேகத்தில் ஓடிவரும். அவற்றுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய பெயர் நிஜமாகவே மண்ணாங்கட்டிதான். ஆதார் அட்டையிலும் அதேதான். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பாங்கில் புதிதாக வந்தவர்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். “எமனே சிரிச்சிட்டுப் போனான், பேங்குக்காரன் சிரிச்சா என்னா கெட்டுது?” என்றார் என்னிடம்.

“எனக்கு மின்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கல சார். நான் பொறந்ததும் எங்கப்பா என்னத் தூக்கினு போயி குப்பமேட்டுல ஒரு பொரட்டு பொரட்டிட்டாரு. மொறத்துல போட்டுப் பக்கத்து வூட்டம்மாகிட்ட குடுத்துட்டு, அப்பறம் ஒரு மொறம் தவுடு அளந்து குடுத்துத் திருப்பி வாங்கினு வந்தாரு. மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சாங்க. எமன் வந்து எட்டிப் பாத்திருப்பான். தவுட்டுக்கு வாங்கனது, மண்ணாங்கட்டி, இத எவன் தூக்கினு போவான்னு உட்டுட்டுப் போயிருப்பான். கெட்டியாப் பொழச்சிக்கினேன்.”

நம்மில் பாதிப்பேரைச் சின்ன வயதில் ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சொல்லி அழவைத்திருக்கிறார்கள். என் அக்கா சொல்லி நானும் சோறு தின்னாமல் அழுதிருக்கிறேன். அதை வெறும் கேலி என்றுதான் நினைத்திருந்தேன். கேலிக்குப் பின்னால் இத்தனை பிள்ளைகளைப் புதைத்த பயம் இருந்தது என்பது மண்ணாங்கட்டியின் நீட்டிய கையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

தவிட்டில் அவருக்குச் சட்டதிட்டம் உண்டு. தவிடு, பிள்ளையைக் கொண்டுபோகிற வீட்டுச் சமையல்கட்டிலிருந்து வரவேண்டும். சோறு போடப்போகிற கையே அதைக் கொண்டுவந்து போடவேண்டும். அன்வருதீன் பாய் வீட்டுக்கு ஒரு கால் ஊனமான பூனை போனபோது இதில் வேடிக்கை நடந்தது. பாய் கடையில் தவிடு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. ஆசையாக ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். மண்ணாங்கட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது ஆவாது பாய். இது விக்கறதுக்கு வெச்ச தவுடு. வூட்டுத் தவுடு வோணும்.”

“ஏண்ணே, ஊருக்கே தவுடு விக்கறவன் நானு. எங்கிட்டயே இதச் சொல்றீங்களே?”

“ஊருக்கு வித்தா ஆச்சா? ஒங்க வூட்ல இருக்குதா?”

பாய் வீட்டில் தவிடு ஏது? கடைசியில் அவர் மனைவி சலீமா சப்பாத்தி மாவைச் சலித்து, சல்லடையில் நின்றதை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காரில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்தார். “அண்ணே, இதாவது செல்லுமா?” என்று கேட்டார். “இதுதான் பாயம்மா தவுடு” என்று முகம் மலர்ந்து கையை நீட்டினார் மண்ணாங்கட்டி. கருவாடு என்ற அந்தப் பூனை இப்போது பாய் வீட்டில் தொழுகை விரிப்பின் ஓரத்தில் படுத்துத் தூங்குகிறதாம்.

அவர் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. வியாதியின் பெயரை வாயால் சொன்னால் வியாதி வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஒருமுறை ஒரு குட்டி இரண்டு வேளையாகச் சாப்பிடாமல் கிடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. மதாம் அன்றைக்கு மாதிரிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “வாய் இருக்கில்ல உங்களுக்கு? சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்!” மண்ணாங்கட்டி தலையைக் குனிந்தபடி மண்வெட்டியை எடுக்கப் போனார். தோப்பு ஓரத்தில் குழி தோண்டியவரும் அவர்தான். எனக்கும் அன்று அவர்மேல் ஆத்திரம்தான்.

ஒருநாள் எனக்கு வண்டி இல்லை. அவருடைய ஆட்டோவிலேயே முன்சீட்டில் ஒண்டிக்கொண்டு டவுனுக்கு வந்தேன். முத்தியால்பேட்டையில் ஏதோ பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள். எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் இஞ்சினையே நிறுத்திவிட்டார். கடைசிப் பிள்ளை கடந்து போன பிறகும் கிளப்பவில்லை. பின்னால் வந்தவன் திட்டியதும்தான் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். அப்போது சொன்னதுதான் இது.

“எம்பேரால நான் பட்டதெல்லாம் போதும்னு நெனச்சேன் சார். பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல சிரிச்சாங்க. எங்களுக்கு மொதப் புள்ள வயித்துலயே பூடுச்சி. ரெண்டாவது பொண்ணு. எம்பொஞ்சாதி செல்வாம்பா குப்பாயின்னு வெக்கலாம்னு சொன்னா. குப்பையில பொரட்டித் தவுட்டுக்கு வாங்கிடலாம், நமக்கு எதுக்கு வம்புன்னா. நாந்தான் கேக்கல. எம்பொண்ணு பேரக் கேட்டு ஒருத்தன் சிரிக்கக் கூடாதுன்னேன். ஊரே திரும்பிப் பாக்கற பேரா வெக்கணும்னு பூவிழின்னு வெச்சேன்.”

பிள்ளைகள் கடந்துபோன பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“ஊரே திரும்பிப் பாத்துது சார். எமனும் பாத்துட்டான். ஒண்ணாங்கிளாசு சேத்த வருசம். நாலு நாள் காய்ச்சல்.”

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பெயரைப் பார்த்துப் பிள்ளை பிடிக்கிற எமன்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கொசுவோ தண்ணீரோ காரணமாக இருந்திருக்கும். அதை அந்த இடத்தில் அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தகப்பன் தன் பெண்ணுக்கு நல்ல பெயர் வைத்ததையே குற்றமாகச் சுமந்துகொண்டு இத்தனை வருடம் லோடு இறக்கியிருக்கிறார்.

அவருக்கு வீடு டவுனிலேயே உப்பளம் பகுதியில், பழைய குடியிருப்பில் மாடியில் ஒரே அறை. செல்வாம்பாள் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறார். நான் போயிருந்தபோது மண்ணாங்கட்டியை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அதை வாங்கி அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினார். சுத்தம் பார்க்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்து, “நாய் நாத்தம் பிடிக்காதாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“நாத்தம் என்னா சார், நாத்தம்? சட்டையில மயிரு ஒட்டினு வந்தா, இது எதோட மயிருன்னு கேக்கத் தோணும். அப்பறம் அதோட பேரு என்னான்னு கேக்கத் தோணும். எனக்கு ஒரு பேரும் தெரிய வோணாம்.” வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, “எம்புள்ள போனதும் நா இவருகிட்ட ஒரே வார்த்ததான் சொன்னேன். இந்த வூட்டுக்குள்ள இனிமே ஒண்ணு வந்து, அது போறத நா பாக்க மாட்டேன். கோழிக்குஞ்சுகூட வோணாம்” என்றார். மண்ணாங்கட்டி வெறும் உடம்போடு நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்குத் தெரியாத ஒரு பெயர் காப்பகத்தில் இருந்தது. செம்மண் நிறத்தில் ஒரு கிழட்டுப் பெண் நாய். ஒரு காது கிழிந்தது, ஒரு கண்ணில் புரை. மதாம் அதற்கு வைத்த பெயர் பெல். பிரெஞ்சில் அழகி என்று அர்த்தமாம். மண்ணாங்கட்டி அதைக் குப்பாயி என்று கூப்பிட்டார். யோசித்து வைத்தாரா, வாயில் தானாக வந்ததா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

குப்பாயியின் இடம் அவருடைய ஆட்டோவுக்கு அடியில். ஆட்டோ வந்து நின்றதும் அடியில் புகுந்துகொள்ளும். கிளம்பும்போது கெஞ்சிக் கூத்தாடி வெளியே இழுக்கவேண்டும். ஒருமுறை அவர் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்த நாளில், இலாசுப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போனது. நல்ல மனிதர்கள்தான். தவிட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அழாத குறையாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பிட மாட்டேன் என்கிறது, வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். வயதான நாய், இடம் மாறினால் ஏங்கத்தான் செய்யும் என்றார் மதாம். “தவுடு வாங்காம அனுப்புனா எப்டித் தங்கும்? இன்னும் அது நம்ம புள்ளதான்னு நெனச்சிக்கினு இருக்குது” என்றார் இவர். நான் மதாம் கட்சி. இருந்தாலும், இவர் குரலைக் கேட்டதும் அந்த நாய் கிளம்பிய வேகத்தைப் பார்த்தபோது என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டது.

போன தை மாதம் இடத்துக்காரர்கள் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். பங்கு பிரிக்கிறார்களாம். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. இத்தனை காலம் விட்டுவைத்ததே பெரிது. மதாம் தேடாத இடமில்லை. நாய்களுக்கு இடம் என்றாலே ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. கடைசியில் தம் வீட்டு மாடியில் பூனைகளை மட்டும் வைத்துக்கொள்வது, நாய்களுக்கு முடிந்தவரை வீடு பிடிப்பது, மிஞ்சியவற்றைச் சென்னைப் பக்கம் உள்ள ஒரு பெரிய காப்பகத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அது நல்ல இடம்தான். மதாம் தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

குட்டிகள் முதலில் போயின. பிறகு கொஞ்சம் இளசானவை. மண்ணாங்கட்டி தினமும் கேட்டில் கை நீட்டினார்; கோழிகள் கொழுத்தன. கிழடுகளை யாரும் கேட்கவில்லை. குப்பாயியைப் பற்றி டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். “கிட்னி போயிடுச்சு. இருக்கிற நாள் கொஞ்சம்தான். நிம்மதியா ஒரு எடத்துல படுத்திருந்தா அந்தக் கொஞ்சமும் வலியில்லாமப் போகும். கூண்டுல போட்டு அவ்ளோ தூரம் வண்டியில குலுக்கிக்கிட்டுப் போனா, போய்ச் சேருமான்னே சந்தேகம்.”

நாங்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். என் வீட்டில் ஓட்டாஞ்சில்லு நாயின் வாசனை பட்டாலே பரண்மேல் ஏறிக்கொண்டு இரண்டு நாள் இறங்காது. அன்வருதீன் பாய், “தொழுகை நடக்கற வீடு, நாய மட்டும் வெச்சிக்க முடியாதுண்ணே, தப்பா நெனக்காதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கடைக் குடோனில் விடலாம் என்றால், அங்கே மூலைக்கு மூலை எலி மருந்து. நான் மண்ணாங்கட்டியைத் தனியாக அழைத்தேன்.

“உங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே?”

“கேக்க மாட்டேன் சார்.”

“கொஞ்ச நாள்தானே?”

“அதான் சார் கேக்க மாட்டேன்றது. கொஞ்ச நாளுதான். அதுக்கப்பறம் அது போறத அவதான பாக்கணும்? புள்ளைக்குப் பேரு வெக்கச்சொல்ல அவ பேச்ச நா கேக்கல. அவ அப்பறமாச் சொன்னது இந்த ஒரு வார்த்ததான். அத மீற மாட்டேன்.”



சென்னைக்குப் போகிற வேன் வந்த அன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. டிரைவர், உச்சி வெயிலுக்கு முன் திண்டிவனம் தாண்டியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மண்ணாங்கட்டி ஒவ்வொரு நாயாகத் தூக்கி வந்து கூண்டில் விட்டார். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டுதான் விட்டார். நடுவில் ஒருமுறை என்னிடம் வந்து, “வேன்காரருகிட்ட தவுடு கேட்டா நல்லாவா இருக்கும்? அவுரு வூட்டுக்கா போவுது?” என்றார். கேட்டுவிட்டு அவரே அடுத்த நாயைத் தூக்கப் போனார். மதாம் அழுதுகொண்டு உள்ளே போய்விட்டார்.

குப்பாயி கடைசி. வழக்கம்போல ஆட்டோவுக்கு அடியில் கிடந்தது. அவர் முட்டி போட்டுக் குனிந்து, “வாடி” என்றார். வரவில்லை. “வாடி கரிச்சட்டி” என்றார். அது வாலை மட்டும் மண்ணில் தட்டியது. டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

அப்போதுதான் அந்த ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செல்வாம்பாள் இறங்கினார். வேலைக்குக் கட்டுகிற பழைய புடவை. மடியில் எதையோ கட்டி ஒரு கையால் பிடித்திருந்தார். இந்த இடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. யாரையும் பார்க்காமல் நேராகக் கேட்டார்.

“குப்பாயி எது?”

மண்ணாங்கட்டி முட்டி போட்டபடியே திரும்பினார். “அந்தப் பேரு ஒனக்கு எப்டித் தெரியும்?”

“தூக்கத்துல கூப்புடறியே. ஒரு வாரமா கூப்புடற. மொத நாளு, நம்ம புள்ளைக்கு நா வெக்கச் சொன்ன பேராச்சேன்னு எழுந்து ஒக்காந்துட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “பாய் கடைக்குப் போயி விசாரிச்சேன். அவுருதான் சொன்னாரு, அது ஒரு நாயி, இன்னிக்கி ஏத்தறாங்கன்னு.”

“இது ரொம்ப நாளு இருக்காது செல்வா.”

“தெரியும்.”

“நா லோடு ஏத்தப் பூடுவேன். போறப்ப நீதான்...”

“நாந்தான் பாக்கணும். பாக்கறேன்.” செல்வாம்பாள் மடிக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எம்புள்ள போறப்ப நா மருந்து வாங்க ஓடிட்டேன். திரும்பி வரதுக்குள்ள முடிஞ்சிபூடுச்சி. பக்கத்துல நா இல்ல. இதுக்காவது நா இருக்கறேன். கூண்டுக்குள்ள, ரோட்டு மேல, யாரு இருப்பா இதுக்கு?”

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். என்ன புரிந்ததோ அவருக்கு.

செல்வாம்பாள் மடியை அவிழ்த்தார். “கையப் புடி. வூட்டுத் தவுடுதான். கோதும வாங்கி, மிசின்ல குடுத்து அரச்சி, காலையில நானே சலிச்சேன்.”

மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். வலது கையைச் சட்டையில் துடைத்துக் குழித்து நீட்டினார். எத்தனையோ வீட்டுத் தவிட்டை ஒற்றைக் கையால் வாங்கியவர், அன்று இடது கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். செல்வாம்பாள் ஒரு பிடி போட்டார். சிந்தவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் சிறகடித்து ஓடிவந்து அவர் காலைச் சுற்றி நின்றன.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வித்தாச்சி. தவுட்டுக்கு வித்தாச்சி. இனிமே இது எங்க புள்ள...”

அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. செல்வாம்பாள் காத்திருக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து ஆட்டோவுக்கு அடியில் கையை விட்டார். தாடைக்கு அடியில் எங்கே சொறியவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. “எழுந்து வாடி குப்பாயி. மூஞ்சப் பாரு மூஞ்ச, தொடப்பக்கட்ட” என்றார். திட்டிக்கொண்டே அழுதார். கிழட்டு நாய் மெல்ல நகர்ந்து வெளியே வந்து அவர் மடியில் மூக்கை வைத்தது. அங்கே இன்னும் தவிட்டு வாசனை இருந்திருக்கும்.

கோழிகள் கழுத்தை நீட்டி மண்ணாங்கட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று பொறுமையிழந்து அவர் கால் விரலைக் கொத்தியது. அவர் அந்தப் பிடித் தவிட்டை இறுக மூடி நெஞ்சோடு சேர்த்துவைத்துக்கொண்டார். கையைத் திறக்கவே இல்லை.